குறுந்தொகை 25: ஒரு காதல் பாட்டைப் படித்து உங்கள் எதிர்வினையை எழுதும் முறை

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கல்லூரி முதலாண்டுக்காரர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஒரு பழம்பாட்டைப் படித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் எழுதும் வாசிப்பு வட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். எழுத வராமல் திணறுகிறவர்கள் அதில் குறைவு. வேலைகளை வரிசை மாற்றிச் செய்து திணறுகிறவர்களே அதிகம். முதலில் உரையைப் படித்துவிடுகிறார்கள். அதன் பிறகு பாட்டில் அவர்களுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை.

நாங்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் பாட்டு இது. ஐந்தே அடி. கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கீழே உள்ள படிகளை இந்தப் பாட்டை வைத்தே சொல்கிறேன். வேறு அகப்பாட்டை எடுத்தாலும் வரிசை இதுதான்.

1. உட்காரும் முன்

பாட்டை மட்டும் ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அடிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். கைப்பேசியில் படித்தால் பாட்டுக்குக் கீழேயே பொருளும் நிற்கும். பார்க்கக் கூடாது என்று எவ்வளவு உறுதி பூண்டாலும் கண் அங்கே இறங்கிவிடும். கையால் எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தச் சொல்லில் கை தயங்கியதோ, பின்னால் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

இரண்டு நிற மை வேண்டும். பொருள் தெரிவதற்கு முன் எழுதுவது ஒரு நிறத்தில், தெரிந்த பின் எழுதுவது மற்றதில். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளியவர்கள், எது தாங்கள் நினைத்தது, எது உரையிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாமல் கடைசியில் விழித்திருக்கிறார்கள்.

உரையுள்ள பதிப்பு ஒன்றை எடுத்து, மூடி, பக்கத்தில் வையுங்கள். உ.வே.சாமிநாதையர் தம் உரையோடு 1937இல் வெளியிட்ட பதிப்பு கிடைத்தால் நல்லது. பதவுரை, கருத்து, விளக்கம் எல்லாம் அதில் தனித்தனியே இருப்பதால், வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்து பார்க்கலாம்.

ஒரு பழக்கத்தை மட்டும் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். பள்ளித் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று தலைப்புப் போட்டு எழுதிய பழக்கம் அது. அந்த வினா பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. இங்கே கேட்பது, அதைப் படித்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை.

2. பொருள் தெரியாமலே மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள்

முதல் முறை நாக்குப் பழகுவதற்கு. இரண்டாம் முறை மெதுவாக. மூன்றாம் முறை ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு மூச்சு நிறுத்திப் படியுங்கள்.

அப்படிப் படித்தால் நான்காம் அடி குட்டையாக இருப்பது காதுக்கே தெரியும். மற்ற நான்கு அடிகளிலும் நான்கு சீர். ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்’ என்பதில் மூன்று. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி இப்படித்தான் வரும். இலக்கணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதையோ சொல்ல வந்து அரை நொடி தயங்குவதுபோல் இருக்கிறது என்று உணர்ந்தால் அதுவே போதும். எதன்முன் அந்தத் தயக்கம் என்பது பிறகு தெரியும்.

கண்ணால் மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். அதனால்தான் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

3. முதல் குறிப்பை உடனே எழுதுங்கள்

பத்து நிமிடம், முதல் நிற மை. புரிந்தது, புரியாதது, தவறாகப் புரிந்தது எல்லாம் வரலாம். திருத்தக் கூடாது, அடிக்கக் கூடாது.

இந்தக் குறிப்பைப் பின்னால் எழுத முடியாது என்பதே காரணம். பொருள் தெரிந்துவிட்ட மனத்தால் தெரியாத மனத்துக்குத் திரும்ப முடிவதில்லை. ஒரு மாணவி எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “இல்லை என்று தொடங்கி, உண்டு என்று முடிகிறது. எது உண்டு என்றுதான் தெரியவில்லை.” பாட்டின் எலும்புக்கூடு முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. உரையை முதலில் படித்திருந்தால் அவர் இதை எழுதியிருக்கவே மாட்டார்.

தவறு வந்துவிடுமோ என்று அஞ்சி வெறும் தாளோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வழி: தெரிந்த சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். இல்லை, கள்வன், பொய், தினை, நீர். இவை ஐந்தும் ஒரே பாட்டில் ஏன் வந்தன என்று ஊகித்து எழுதுங்கள்.

4. சொற்களைப் பிரியுங்கள்

இப்போது உரையைத் திறக்கலாம், பதவுரையை மட்டும். ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பொருளை எழுதிக்கொள்ளுங்கள். அவசரப்பட வேண்டாம். இந்தப் பாட்டில் சறுக்கல்கள் எல்லாம் இங்கேதான் காத்திருக்கின்றன.

‘எவன் செய்கோ’ என்பதில் ‘எவன்’ ஆளைக் கேட்கும் சொல்லன்று. ‘என்ன’ என்று பொருள். ‘நான் என்ன செய்வேன்’ என்கிறாள், பாட்டில் பேசும் தலைவி. இதை ‘எவன் செய்தான்’ என்று படித்துவிட்டு, குற்றவாளியைத் தேடி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

‘கால’ என்பதைக் காலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கால்களை உடைய’ என்று பொருள். சிறிய, பசிய கால்கள். பசுமை என்றால் இலைப்பச்சை மட்டும் என்று நினைக்க வேண்டாம்; பசும்பொன் என்று சொல்கிறோம் அல்லவா, அந்த மஞ்சள் கலந்த நிறத்தையும் அது குறிக்கும். தினைத்தாளை நினைத்துக்கொண்டால் நிறம் சரியாக வந்துவிடும்.

‘உண்டுதான்’ என்பது இன்றைய பேச்சில் அழுத்திச் சொல்லும் ‘உண்டுதான்’ போலவே இருக்கிறது. அங்கே பிரிக்க வேண்டும்: ‘குருகும் உண்டு, தான் மணந்த ஞான்று’. குருகு ஒரு நீர்ப்பறவை. ‘தானது’ என்பதும் அப்படியே, ‘தான் அது’. பிரித்து எழுதிய பின் எண்ணிப் பாருங்கள். ஐந்தடியில் ‘தான்’ மூன்று முறை வருகிறது, மூன்றும் அவள் காதலனைக் குறிக்கின்றன. ‘யான்’ ஒரே முறை, அதுவும் ஒரு கேள்வியோடு ஒட்டிக்கொண்டு.

‘மணந்த’ என்ற சொல்லைக் கண்டதும் திருமண மண்டபம் கட்டிவிடுகிறார்கள். இங்கே அது கூடியது, கலந்தது. திருமணம் இன்னும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதுதான் அவளுடைய கவலையே. ‘ஞான்று’ என்பது நாள், பொழுது.

‘ஆரல்’ ஒரு மீன். பாம்பு போல் நீண்டு மெலிந்தது, சேற்றிலும் மணலிலும் புதைந்துகொள்ளும். ஆற்றங்கரை, வாய்க்கால்கரை ஊர்க்காரர்கள் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். அப்படிப்பட்ட மீனைப் பிடிக்கப் பறவை எவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்லும் விதமே வேறு.

கடைசியாக ‘பொய்ப்பின்’. ‘பொய்த்தால்’ என்று பொருள். இந்த ஒரு விகுதியைக் கவனிக்காமல், ‘அவன் ஏமாற்றிவிட்டான்’ என்று எழுதுவதே நான் அதிகம் காணும் பிழை. அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வது என்றுதான் அவள் கேட்கிறாள்.

5. யார், யாரிடம், எப்போது

தலைவி தோழியிடம் சொல்கிறாள். தலைவன் அவளை மணந்துகொள்ளாமல் நாளைத் தள்ளிப்போடுகிறான். ‘வரைவு நீட்டித்தல்’ என்று, பாட்டின் சூழலைச் சொல்லும் துறைக் குறிப்பு சொல்வது இதைத்தான்.

இதைத் தாளின் தலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ‘கபிலர் வருந்துகிறார்’ என்று எழுதிவிடுவீர்கள். ஓர் ஆண் புலவர் ஓர் இளம்பெண்ணின் குரலில் பேசுகிறார். வருத்தம் அவளுடையது, சொற்களின் அடுக்கு அவருடையது. இரண்டையும் குழப்பினால் உங்கள் எதிர்வினை யாருக்கு என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

6. உங்களை நிறுத்திய ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாட்டு முழுவதையும் பற்றி எழுத முயலாதீர்கள். ஐந்தடிதானே, எல்லாவற்றையும் தொட்டுவிடலாம் என்று தோன்றும். தொட்டால் வருவது பொழிப்புரை. அது ஏற்கெனவே நூலில் இருக்கிறது, உங்களுடையதைவிட நன்றாகவும் இருக்கிறது.

ஒரு சொல், ஒரு படம், ஒரு வரிசை: ஒன்று போதும். எங்கே நின்றீர்கள் என்று தெரியாவிட்டால் முதல் குறிப்பை எடுத்துப் பாருங்கள். பொருள் தெரிந்த பிறகும் எந்தப் புள்ளி உங்களை விடவில்லையோ, அது.

இந்தப் பாட்டில் பலர் நின்ற இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ள அல்ல, எந்த அளவு நெருங்கிப் பார்க்கலாம் என்று காட்ட.

படங்கள் வரும் வரிசையைப் பாருங்கள். முதலில் கால் வருகிறது. பிறகு நீர், மீன், பார்வை. பறவையின் பெயர் கடைசி அடியில்தான் வருகிறது, அந்தக் குட்டை அடியின் தயக்கத்துக்குப் பிறகு. ‘அவள் அந்த நேரத்தில் தலை குனிந்திருந்தாள், அதனால்தான் கால் மட்டும் தெரிந்தது’ என்று ஒரு பையன் எழுதினான். எந்த உரையிலும் நான் படித்திராத செய்தி. பாட்டு அதை மறுக்கவும் இல்லை.

தினை மலைநிலப் பயிர், குருகு நீர்நிலைப் பறவை. தினைப்புனம் காத்துப் பழகிய கண்ணுக்குப் பறவையின் காலும் தினைத்தாளாகத் தெரிகிறது. அவள் எங்கே வளர்ந்தவள் என்பதை உவமை காட்டிக்கொடுத்துவிடுகிறது. நீங்கள் அங்கே நின்றிருந்தால் அந்தக் காலை எதோடு ஒப்பிட்டிருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குளிர்பான உறிஞ்சுகுழல் என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு நல்ல பக்கம் பிறந்தது.

பிறகு ‘குருகும்’ என்பதில் உள்ள ‘உம்’. ‘யாரும் இல்லை’ என்று அடித்துச் சொன்னவள் நான்கு அடி கழித்து, ‘ஒரு குருகும் இருந்தது’ என்கிறாள். அந்தக் குருகோ மீனில் கண்ணாக இருந்தது. சாட்சி என்று அதை நம்பிச் சொல்கிறாளா, அதுவும் பயனில்லை என்று கசந்து சொல்கிறாளா? இரண்டு பக்கமும் வாதாடலாம். ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு காரணம் சொல்லுங்கள்.

7. சொந்தக் கதை எவ்வளவு வேண்டும்?

காதல் பாட்டுக்கு எதிர்வினை என்றால் தன் காதலைச் சொல்லியாக வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாதிப் பேர் கற்பனையாக ஒன்றை எழுதுவார்கள். மீதிப் பேர் உண்மையை எழுதிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார்கள். இரண்டும் வேண்டாம்.

பாட்டிலிருந்து ஓர் உணர்வைப் பிரித்தெடுங்கள். இங்கே இருப்பது காதல் மட்டும்தானா? சாட்சியில்லாமல் ஒருவர் சொல்லை நம்பியது, காத்திருப்பது, வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைத் தோழியிடம் மட்டும் சொல்வது. இவற்றில் ஏதாவது ஒன்று பதினாறு வயதுக்குள் எல்லாருக்கும் நேர்ந்திருக்கும். கைமாற்றாகக் கொடுத்த பணம், திருப்பி வராத நோட்டு, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மறுத்த நண்பன். அதை எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் எழுதாதீர்கள். அகத்திணை மாந்தரைப் பற்றி, ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. இந்தப் பாட்டிலும் அவனுக்குப் பெயர் இல்லை, அவளுக்கும் இல்லை. உங்கள் பக்கத்திலும் ‘ஒரு தோழி’, ‘ஒருவர்’ போதும். தாள் கைமாறும், படம் எடுக்கப்படும், குழுக்களில் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு சொல்ல வேண்டுமானால், ஒரு பக்கத்தில் சொந்தச் செய்தி நான்கு வாக்கியத்துக்கு மேல் போனால் பாட்டு அறையை விட்டு வெளியேறிவிடும்.

8. மறுக்கத் தோன்றினால் மறுங்கள்

‘இவள் எனக்கு எரிச்சலூட்டுகிறாள்’ என்பது முழு மதிப்புள்ள எதிர்வினை. ‘கள்வன் என்று சொல்லிவிட்டு அவனுக்காகவே காத்திருப்பது எப்படி?’ என்று கேட்கலாம். ‘பொய்ப்பின் என்றுதானே இருக்கிறது, அதற்குள் கள்வன் என்று பெயர் வைப்பது நியாயமா?’ என்று அவன் பக்கமும் பேசலாம். பழம்பாட்டு என்பதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஒரே நிபந்தனை: மறுப்பு பாட்டிலுள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். ‘அந்தக் காலத்தில் பெண்கள் இப்படித்தான்’ என்று தொடங்கும் வாக்கியம் பாட்டையும் தொடவில்லை, காலத்தையும் தொடவில்லை.

இன்றைய ஒப்பீடுகள் நிச்சயம் வரும். ‘இன்று என்றால் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இருந்திருக்கும்’ என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். முதலில் சலித்துக்கொண்டேன். இப்போது அந்த வாக்கியத்தை எழுதியவரிடம், அங்கேயே நிற்காமல் பாட்டுக்குத் திரும்பி வரச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் பேச்சைப் பதிந்து வைக்கும். குருகு பேச்சைக் கவனிக்கவே இல்லை. இந்த வேறுபாட்டைத் தொட்டுவிட்டால் ஒப்பீடு பிழைத்துக்கொள்ளும்.

9. எழுதும் வரிசை

நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குங்கள். புலவர் பெயர், நூல் பெயர், எட்டுத்தொகையில் எத்தனையாவது என்பதெல்லாம் முதல் பத்தியில் வேண்டாம். படிக்கிறவர் கையில் பாட்டு இருக்கிறது.

அடுத்து, முதலில் என்ன நினைத்தீர்கள் என்பது. அதற்கடுத்து, சொற்பொருள் தெரிந்ததும் அது எப்படி மாறியது என்பது. இந்த நகர்வுதான் எதிர்வினையின் உடல். நகர்வு இல்லாத பக்கம் வெறும் கருத்தாக நின்றுவிடும். உங்கள் வாழ்விலிருந்து எடுத்ததை இதற்குப் பிறகே சேருங்கள். முன்னால் வைத்தால், பாட்டு அதற்கு உதாரணமாகச் சுருங்கிவிடும்.

மாதிரிக்கு ஒரு பத்தி:

“யாரும் இல்லை என்று அவள் சொன்னதும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சாட்சி இல்லையென்றால் பேச என்ன இருக்கிறது? ஆனால் அவள் ஒரு பறவையின் காலை விவரிக்கத் தொடங்குகிறாள். முதலில் சிரிப்பு வந்தது. தாத்தா இறந்த நாளில் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் படம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருத்துவர் சொன்ன சொற்கள் நினைவில் இல்லை. இவளும் அவன் சொன்ன ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. கால் மட்டும் இருக்கிறது.”

இதில் காதல் என்ற சொல் வரவே இல்லை என்பதைப் பாருங்கள்.

10. மறுநாள் திருத்துங்கள்

அன்றே திருத்தினால் எழுதியது எல்லாம் அழகாகத் தெரியும். ஓர் இரவு போகட்டும்.

‘நெஞ்சை அள்ளும்’, ‘காலத்தால் அழியாத’, ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’, ‘கற்பனை வளம்’ ஆகியவற்றைத் தேடி நீக்குங்கள். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் சொல் இந்தப் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘குருகு’ என்பதை எடுத்துவிட்டு ‘மயில்’ என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் வாக்கியம் சரியாகவே இருந்தால், அது வேலை செய்யவில்லை.

மேற்கோள்களைத் தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து எழுதும்போது ‘ஒழுகுநீர்’ ‘ஓடுநீர்’ ஆகிவிடுகிறது.

11. குழுவில் படிப்பதாக இருந்தால்

எழுதி முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. வாய்ச்சாதுரியம் உள்ள ஒருவர் முதலில் பேசிவிட்டால், மற்ற பத்துப் பேரும் அவர் சொன்னதையே வேறு சொற்களில் எழுதுவார்கள்.

சத்தமாகப் படிக்க விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். நடத்துகிறவருக்கும் ஒரு சொல்: யார் வாழ்வில் என்ன நடந்தது என்று துருவாதீர்கள். பாட்டின் சொல்லைப் பற்றி மட்டும் கேள்வி கேளுங்கள்.

எல்லாரும் முடித்த பின், யார் எந்தச் சொல்லில் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வட்டத்தில் கள்வனுக்கும் குருகுக்கும்தான் எப்போதும் போட்டி. ‘ஒழுகுநீர்’ என்பதில் இதுவரை ஒரே ஒருவர் நின்றிருக்கிறார். நீர் ஓடும் சத்தத்தில், பறவை கேட்க நினைத்திருந்தாலும் எதுவும் கேட்டிருக்காது என்று எழுதியிருந்தார்.